கனடாவுக்கு எந்த மாதம் போகலாம்? – வாசகர் கேள்வி பதில்

கனடாவில் எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். விசா விவரங்களைத் தேவையான இடங்களில் மட்டும் தொட்டிருக்கிறோம்.

கேள்வி: பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிகிறது. உடனே கிளம்பி மூன்று வாரம் டொரன்டோ, நயாகரா, ஒட்டாவா பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். அங்கே ஏப்ரலில் வசந்தம்தானே?
– வாசகி, சென்னை

காலண்டரில் வசந்தம்தான், மரங்களில் இன்னும் வந்திருக்காது. ஏப்ரல் கடைசியில் டொரன்டோவில் பகல் வெப்பம் 12, 13 டிகிரி இருக்கும், இரவில் 3, 4 டிகிரிக்கு இறங்கும். நடுவில் ஒரு நாள் பனி கொட்டினாலும் ஆச்சரியமில்லை. தரையில் கிடந்த பனி கரைந்து சேறாகி, புல் பச்சை பிடிக்காமல், கிளைகள் மொட்டையாக நிற்கிற நாட்கள் அவை. மார்ச் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை பனியின் அழகும் இருக்காது, கோடையின் வசதியும் இருக்காது. ஏரியில் படகு ஓடாது, பல பூங்காக்களில் கழிவறைகூடத் திறந்திருக்காது. முதல் தடவை போகிற குடும்பத்துக்கு இந்த ஆறு வாரத்தை நாங்கள் சொல்வதே இல்லை.

இரண்டே வாரம் தள்ளிப்போடுங்கள். மே 12 வாக்கில் போய் இறங்கி ஜூன் முதல் வாரம் திரும்புங்கள். ஊர்களின் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஒட்டாவா. மே நடுவில் அங்கே டூலிப் திருவிழா நடக்கும். இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்து அரச குடும்பத்துக்கு ஒட்டாவா அடைக்கலம் கொடுத்தது. இளவரசி மார்கிரீட் 1943இல் அங்கேதான் பிறந்தார். அந்த நன்றிக்காக 1945இல் ஒரு லட்சம் டூலிப் கிழங்குகளை அனுப்பிவைத்தார்கள், அதிலிருந்து தொடங்கியதுதான் இந்தத் திருவிழா. பூக்கள் மே 20க்குப் பிறகு உதிரத் தொடங்கிவிடும், அதனால் ஒட்டாவாவைக் கடைசியில் வைத்தால் வெறும் தண்டைத்தான் பார்ப்பீர்கள்.

அடுத்தது டொரன்டோ. மே 25க்கு முந்தைய திங்கள்கிழமை அங்கே விக்டோரியா தினம். அந்த வார இறுதியோடு கோடை தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பருவத்துக்கு மட்டும் திறக்கிற பூங்காக்களும் படகுத்துறைகளும் பெரும்பாலும் அதற்குள் திறந்துவிடும்.

நயாகராவைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். அருவியடிக்குப் போகும் படகு எப்போது ஓடத் தொடங்கும் என்பது ஆற்றில் பனிக்கட்டி எப்போது தீர்கிறது என்பதைப் பொறுத்தது. ஏப்ரல் கடைசியில் அது நிச்சயமில்லை, மே கடைசியில் தினமும் ஓடும். கனடாப் பக்கத்துப் படகில் சிவப்பு மழைக்கோட்டு கொடுப்பார்கள், அது முழங்கால் வரைதான் காப்பாற்றும். பிள்ளைகளுக்கு மாற்றுச் செருப்பும் மாற்றுக் காலுறையும் பையில் இருக்கட்டும்.

நயாகராவில் எப்போதும் ஒரே அளவு தண்ணீர் விழுவதில்லை. மின் உற்பத்திக்காக ஆற்று நீரில் பெரும்பகுதியைச் சுரங்கக் குழாய்கள் வழியே திருப்பிவிடுகிறார்கள். 1950இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 முதல் இரவு 10 வரையும், அதன்பின் அக்டோபர் 31 வரை காலை 8 முதல் இரவு 8 வரையும் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்குக் குறையாமல் அருவியில் விட வேண்டும். மற்ற நேரங்களிலும், குளிர்காலம் முழுக்கவும், அதில் பாதி விட்டால் போதும். அருவியை முழு வேகத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்கவே கனடா போகிறேன். அக்டோபர் 20க்கு டிக்கெட் பார்த்துவைத்திருக்கிறேன். சரிதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

டிக்கெட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் நல்லது. ஏறக்குறைய நான்கு வாரம் முன்னால் நகர்த்துங்கள். டொரன்டோ நகரத்து மரங்கள் அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை நிறம் மாறும். ஆனால் படங்களில் பார்க்கிற அந்தச் செங்காடு நகரத்தில் இல்லை, வடக்கே இருக்கிறது. ஆல்கோன்குவின் பூங்காவில் சர்க்கரை மேப்பிள் உச்சம் தொடுவது சராசரியாக செப்டம்பர் 27 வாக்கில். ஒரு வருஷம் ஒரு வாரம் முன்னே வரும், இன்னொரு வருஷம் பத்து நாள் பின்னே போகும். அக்டோபர் 20க்குப் போனால் மேப்பிள் மொட்டையாகியிருக்கும்.

நிறம் வருகிற விதத்தைத் தெரிந்துகொண்டால் தேதியை நீங்களே கணிக்கலாம். இலையில் மஞ்சள் நிறப்பொருள் கோடை முழுக்க இருக்கிறது, பச்சையம் அதை மூடிக்கொண்டிருக்கிறது. பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடும், மஞ்சள் தானாக வெளியே தெரியும். சிவப்பு அப்படியல்ல. அது இலையுதிர்காலத்தில், இலையில் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து புதிதாக உருவாக வேண்டும். அதற்கு நல்ல வெயில் அடிக்கிற பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் வேண்டும். செப்டம்பரில் மேகமும் வெப்பமுமாக இருந்தால் மஞ்சள் வரும், சிவப்பு மங்கும். முன்கூட்டியே கடும் உறைபனி விழுந்தால் இலை பழுப்பாகி உதிர்ந்துவிடும். ஒரே மரத்திலும் வெயில் படுகிற உச்சிக்கிளைதான் முதலில் சிவக்கும். ஒரு இலையை எடுத்துப் பாருங்கள், மேலே இன்னொரு இலை நிழல் போட்டிருந்த இடம் மட்டும் மஞ்சளாக, அந்த இலையின் வடிவத்திலேயே நிற்கும்.

செப்டம்பர் 24இல் டொரன்டோவில் இறங்கி அக்டோபர் 10 வரை இருக்கும்படி திட்டம் போடுங்கள். முதல் வாரம் ஆல்கோன்குவின், அடுத்து கியூபெக்கின் லோரன்சியன் மலைகள், கடைசியில் தெற்கே இறங்குங்கள். ஒன்டாரியோ பூங்காக்கள் தங்கள் இணையதளத்தில் எந்தப் பூங்காவில் எத்தனை சதவீதம் நிறம் மாறியிருக்கிறது என்று அந்தப் பருவத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். முந்தின நாள் இரவு அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பலர் ஏமாறுவது வண்டி அனுமதிச் சீட்டில். ஆல்கோன்குவினுக்கு டொரன்டோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும். அந்தப் பருவத்தில் வாசலில் போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாள் அனுமதி ஐந்து நாள் முன்பே இணையத்தில் திறக்கும், சனி, ஞாயிறு சீட்டுகள் மளமளவென்று தீரும். செவ்வாய், புதனில் போங்கள், காலை 9 மணிக்குள் உள்ளே இருங்கள். அக்டோபரின் இரண்டாம் திங்கள் கனடாவின் நன்றி நவிலும் நாள். அதையொட்டிய மூன்று நாளும் ஊரே காட்டில்தான் இருக்கும், அந்த வார இறுதியைத் தவிருங்கள்.

பகலில் 15 டிகிரி, இரவில் 3, 4 டிகிரி. ஒரு ஃபிளீஸ் ஸ்வெட்டர், காற்றுத் தடுக்கிற ஜாக்கெட், நல்ல ஷூ போதும். கொசு இல்லை, கூட்டம் வார நாளில் குறைவு, அறை வாடகை ஆகஸ்டைவிட இறங்கியிருக்கும். கனடாவுக்கு ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்பவருக்கு நாங்கள் சொல்வது இந்த செப்டம்பர் 10 – அக்டோபர் 10தான். கொஞ்சமும் யோசிக்காமல் சொல்வோம்.

கேள்வி: மகன் டொரன்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறான். மருமகளுக்கு ஜனவரியில் பிரசவம். எனக்கு 67, அவருக்கு 72. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. குளிர்காலத்தில் போவது சரியா?
– வாசகி, திருச்சி

பிரசவத்துக்குப் பருவம் பார்க்க முடியாது, தயங்காமல் போங்கள். ஆனால் ஜனவரியில் போய் இறங்காதீர்கள். நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் முதல் வாரத்தில் போங்கள். குளிர் படிப்படியாக ஏறும்போது உடம்பும் பழகிக்கொள்ளும், பூட்ஸ் போட்டு நடக்கவும் கை வந்துவிடும். டிசம்பர் நடுவிலிருந்து விமானக் கட்டணமும் எகிறும். டெல்லி வழியாகப் போவதானால் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அங்கே மூடுபனியால் விமானங்கள் தாமதமாகும், அடுத்த விமானம் கைவிட்டுப் போகும். மாறும் இடத்தில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வைத்துப் பதிவு செய்யுங்கள்.

டொரன்டோவில் ஜனவரிப் பகல் பூஜ்ய டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் மைனஸ் 7 வாக்கில். சில நாட்கள் மைனஸ் 20 வரை போகும். வெப்பமானி எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. காற்றோடு சேர்ந்து உடம்பு உணர்கிற குளிரை அங்கே ‘விண்ட் சில்’ என்று தனியாகச் சொல்வார்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் அது மைனஸ் 20 மாதிரி. அந்த எண் மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அன்று வெளியே போக வேண்டாம், அவ்வளவுதான்.

உண்மையில் உங்கள் வயதில் குளிரைவிட ஆபத்தானது வழுக்கல். மைனஸ் 15இல் பனி மணல் மாதிரி பொருபொருவென்று இருக்கும், கால் பிடிக்கும். பகலில் பிளஸ் 2, இரவில் மைனஸ் 2 என்று ஊசலாடுகிற நாட்களில்தான் கரைந்த நீர் கண்ணாடிப் படலமாக உறைந்து, ஈரமான தார்ச்சாலை மாதிரி தெரியும். விழுகிறவர்கள் அதிகமும் அன்றைக்குத்தான் விழுகிறார்கள். பூட்ஸுக்கு மேல் மாட்டுகிற ரப்பர் முள்பட்டை மருந்துக்கடைகளிலேயே கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்குள் நுழையும்போது அதைக் கழற்ற வேண்டும், வழவழப்பான தரையில் அதுவே சறுக்கிவிடும். அடி சின்னதாக, பாதம் முழுதும் தரையில் படும்படி நடங்கள். கை ஜாக்கெட் பைக்குள் இருக்கக் கூடாது.

உடைக்கு வெங்காயத்தோல் கணக்குதான். தோலை ஒட்டி தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றும் நீரும் புகாத, தொடை வரை வருகிற ஜாக்கெட். உள்ளே திருப்பூர் பருத்தி பனியன் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும், நடந்துவிட்டு நின்றதும் அந்த ஈரமே உடம்பைக் குளிரவைக்கும். கம்பளியோ பாலியெஸ்டரோதான் வேண்டும். இரண்டு ஜோடி காலுறையைத் திணித்துப் போடுவது இன்னொரு தவறு. பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், விரல் முன்பைவிடச் சீக்கிரம் மரத்துப்போகும். ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை, விரல்களை உள்ளே அசைக்க இடம் விடுகிற பூட்ஸ். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். கால் உணர்ச்சி குறைவாக இருந்தால் உறைவதே தெரியாது, வீட்டுக்கு வந்ததும் விரல்களைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கைக்கு ஐவிரல் உறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கிற உறை வெப்பம் தரும்.

ஜாக்கெட்டையும் பூட்ஸையும் இங்கே வாங்காதீர்கள். மைனஸ் 25 வரை தாங்கும் என்று குறித்த பூட்ஸ் அங்கேதான் சரியாகக் கிடைக்கும். ஒருவருக்கு எல்லாமாகச் சேர்த்து ஏறக்குறைய 300 முதல் 450 கனடிய டாலர், அதற்குமேல் ஒன்டாரியோவில் 13 சதவீத வரி. விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது. விமான நிலையத்திலிருந்து வீடுவரை போட்டுக்கொள்ள மகனையே இரண்டு பழைய ஜாக்கெட் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இன்சுலின் பேனா வெளியே போகும்போது கைப்பையில் இருக்கக் கூடாது. ஜாக்கெட்டுக்குள், உடம்பை ஒட்டிய பையில் இருக்கட்டும். ஒருமுறை உறைந்த இன்சுலினை மறுபடி உருக்கிப் பயன்படுத்தக் கூடாது, தூக்கியெறிய வேண்டியதுதான். விமானத்திலும் அதைக் கைப்பெட்டியில்தான் எடுத்துப்போக வேண்டும். வாசலில் பனி அள்ளுகிற வேலையை அவர் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உள்ள 72 வயதுக்காரருக்கு, குளிர் காற்றில் கனமான ஈரப்பனியைத் தூக்கி வீசுவது இதயத்துக்கு நேரடியான ஆபத்து.

வீட்டுக்குள் 21 டிகிரி இருக்கும், ஆனால் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். வெளியே குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு, அதையே உள்ளே சூடாக்கும்போது ஈரப்பதம் இன்னும் தாழ்ந்துவிடும். மூக்கில் ரத்தம் கசியும், பாதம் வெடிக்கும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் அடிக்கும். படுக்கையறையில் காற்றுக்கு ஈரம் சேர்க்கிற ஹியூமிடிஃபையர் ஒன்று வைத்து ஈரப்பதத்தை 30 முதல் 40 சதவீதத்துக்குள் வையுங்கள். அதற்குமேல் போனால் சன்னலில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், அகன்ற வாய் டப்பாவில் கொண்டுபோங்கள்.

குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும்போது கார் சீட் பெல்ட்டுக்கு அடியில் தடித்த குளிர்ச்சட்டை போட விடாதீர்கள். வண்டி மோதினால் அந்தச் சட்டை அமுங்கி பெல்ட் தொளதொளத்துவிடும். மெல்லிய உடுப்பைப் போட்டு, பெல்ட்டை இறுக்கி, மேலே போர்வை போர்த்த வேண்டும்.

கடைசியாக, சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு அங்கே அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. பெற்றோருக்கான சூப்பர் விசா என்றால் குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு ஓராண்டுக் காப்பீடு கட்டாயம். சாதாரண விசாவில் போனாலும் சர்க்கரை, ரத்த அழுத்தத்தைச் சேர்த்து எடுக்கிற காப்பீட்டையே வாங்குங்கள். பிரீமியம் கூடும் என்று மறைத்தால் தேவைப்படுகிற நாளில் பணம் வராது.

கேள்வி: குளிர் நாட்டில் புடவை கட்ட முடியுமா?
– வாசகி, ஈரோடு

முடியும். பாவாடைக்குப் பதில் கம்பளி தெர்மல் கால்சட்டை, மேலே முழுக்கை தெர்மல், அதன்மேல் ரவிக்கை. புடவையைக் கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் ஏற்றிக் கட்டி பூட்ஸ் போட வேண்டும். தெருவில் பனி கரைய உப்பு கொட்டுவார்கள், கரை அந்த உப்புச் சேற்றில் புரண்டால் வெள்ளைக் கோடு விழும். தண்ணீரும் வினிகரும் சம அளவு கலந்து உடனே துடைத்தால் பூட்ஸில் பட்ட கறை போகும். பட்டில் அதைச் செய்யாதீர்கள். கோயிலுக்கும் விழாவுக்கும் பட்டுப் புடவையைப் பையில் எடுத்துப்போய் அங்கே மாற்றிக்கொள்வது நல்லது. ஜனவரி கனடாவில் தமிழ் மரபுத் திங்கள், 2016இல் நாடாளுமன்றமே தீர்மானம் போட்டது. அதனால் பொங்கல் சமயத்தில் பட்டுக்கு வேலை நிச்சயம் இருக்கும்.

கேள்வி: டொரன்டோவில் அண்ணா குடும்பம் இருக்கிறது. அவர்களோடு ராக்கி மலைக்குப் போக எந்த மாதம் நல்லது? லேக் லூயிஸ், மொரெய்ன் ஏரி இரண்டும் பார்க்க வேண்டும்.
– வாசகர், யாழ்ப்பாணம்

ஜூன் கடைசி வாரம் முதல் செப்டம்பர் கடைசி வரை. மே மாதம் மலிவாக இருக்கிறது என்று போகிறவர்கள் வெள்ளையாக உறைந்த ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். லேக் லூயிஸில் பனிக்கட்டி உடைவதே ஜூன் தொடக்கத்தில்தான். அந்த நீலப்பச்சை நிறம் வர இன்னும் சில வாரம் வேண்டும். பனியாறு பாறையை அரைத்து மாவாக்குகிறது, கோடையில் உருகும் நீர் அந்த மாவை ஏரிக்குக் கொண்டுவருகிறது, நீரில் மிதக்கிற அந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும்போதுதான் நிறம் பிறக்கிறது. உருகல் தொடங்காமல் நிறம் இல்லை.

மொரெய்ன் ஏரிச் சாலை ஜூன் தொடக்கம் முதல் அக்டோபர் நடுவரைதான் திறந்திருக்கும். 2023 முதல் அங்கே சொந்தக் கார் போக அனுமதியில்லை. தேசியப் பூங்காக்களை நடத்துகிற பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பேருந்து அல்லது தனியார் பேருந்துதான். ஷட்டில் இருக்கைகளில் 40 சதவீதம் ஏப்ரலில் முன்பதிவுக்கு வரும், மீதி 60 சதவீதம் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்னால், அந்த மலைப்பகுதியின் ‘மவுண்டன்’ நேரப்படி காலை 8 மணிக்குத் திறக்கும். ஏப்ரலில் தவறவிட்டவர்கள் கைவிட வேண்டாம், அந்த 8 மணிக்குக் கணக்குத் திறந்து தயாராக இருந்தால் கிடைக்கும்.

எங்கள் தேர்வு செப்டம்பர் 18 முதல் 28. லார்ச் என்று ஒரு மரம், ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்ப்பது. அந்தப் பத்து நாளில் மலைச்சரிவு முழுக்கத் தங்கமாகும். ஆகஸ்டில் போனால் காட்டுத்தீப் புகையின் அபாயம் உண்டு. 2023இல் கனடா முழுவதும் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. 2024 ஜூலையில் அதே ராக்கி மலையிலுள்ள ஜாஸ்பர் ஊரில் மூன்றில் ஒரு பங்கு கட்டடங்கள் தீக்கிரையாயின. புகை வந்தால் எதிர்மலைகூடத் தெரியாது. அறைகளை ரத்து செய்யக்கூடிய விதத்திலேயே பதிவு செய்யுங்கள். செப்டம்பர் கடைசியில் காலையில் மலையில் பனி விழலாம், ஒரு தடித்த ஜாக்கெட் அவசியம். அண்ணாவின் வண்டியை டொரன்டோவிலிருந்து ஓட்டிப்போகும் யோசனை வேண்டாம், ஏறக்குறைய 3,400 கி.மீ. விமானத்தில் கல்கரிக்குப் போய் அங்கே வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: துருவ ஒளி, உறைந்த நயாகரா இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?
– வாசகர், மதுரை

முடியும், பிப்ரவரி இரண்டாம், மூன்றாம் வாரத்தில். டிசம்பரில் வேண்டாம். டொரன்டோவில் அப்போது மாலை 4.45க்குள் சூரியன் மறைந்துவிடும், பனியும் நிலைத்திருக்காது. பிப்ரவரியில் பகல் பத்தரை மணி நேரமாகிவிடும், கியூபெக் நகரத்தின் பனித் திருவிழாவும் அதே சமயம். ஒட்டாவாவின் ரிடோ கால்வாய் 7.8 கி.மீ. நீளச் சறுக்குத் தடமாவதும் அப்போதுதான். ஆனால் அதை நம்பி மட்டும் போகாதீர்கள். சுமார் 30 செ.மீ. தடிப்புக்கு நல்ல பனிக்கட்டி கட்டினால்தான் திறப்பார்கள். 2023 குளிர்காலத்தில், தடம் தொடங்கிய காலத்திலிருந்து முதல்முறையாக, ஒரு நாள்கூடத் திறக்கவில்லை.

நயாகரா அருவி முழுசாக உறைவதில்லை. தெறிக்கிற சாரல் கம்பிகளிலும் மரங்களிலும் படிந்து உறைந்து பளிங்குச் சிலை மாதிரி நிற்கும், நடுவில் நீர் விழுந்துகொண்டே இருக்கும். அதே சாரல் நடைபாதையிலும் உறையும், அருவிக் கைப்பிடிச்சுவர் ஓரம் முள்பட்டை இல்லாமல் நடக்காதீர்கள். படகு ஓடாது, அருவிக்குப் பின்னால் போகும் சுரங்கப்பாதை திறந்திருக்கும்.

துருவ ஒளிக்கு, கனடாவின் வடமேற்கிலுள்ள யெல்லோநைஃப். துருவத்தைச் சுற்றி அந்த ஒளி தோன்றுகிற வளையம் நேர் மேலே வருகிற ஊர், குளிர்காலத்தில் வானமும் தெளிவு. குறைந்தது மூன்று இரவு தங்குங்கள், ஒரே இரவு என்றால் மேகம் வந்தால் போயிற்று. இரவில் மைனஸ் 30 சாதாரணம். அந்தக் குளிருக்கான பார்க்கா என்கிற தடித்த தொப்பிக் கோட்டும் பூட்ஸும் அங்கே வாடகைக்குக் கொடுக்கிறார்கள், நீங்கள் வாங்க வேண்டாம். ஃபோன் பேட்டரி வெளியே எடுத்த பத்து நிமிடத்தில் படுத்துவிடும், சட்டைக்குள் வைத்திருந்து படம் எடுக்க மட்டும் வெளியே எடுங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை 3 முதல் 10 நொடி திறந்துவைக்க வேண்டும். அறைக்குள் வருமுன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோத்துவிடும். வெறும் கண்ணுக்குப் பல சமயம் சாம்பல் பூசிய பச்சையாகத்தான் தெரியும், படத்தில் வருகிற அடர்நிறம் கேமரா சேகரித்தது. ஒளி வலுத்து ஆடத் தொடங்கினால் கண்ணுக்கும் நிறம் வந்துவிடும்.

குளிர் தாங்காதவர்கள் யெல்லோநைஃபுக்கு ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் கடைசிக்குள் போகலாம். ஏரி உறைந்திருக்காது, ஒளி நீரிலும் தெரியும். அக்டோபரில் மேகம் அதிகம், அதைத் தவிருங்கள்.

கேள்வி: ஜூனில் காட்டுக் குடிலில் தங்க நினைக்கிறோம். கொசு இருக்குமா?
– வாசகர், புதுச்சேரி

கொசுவுக்கு முன்னால் கறுப்பு ஈ இருக்கிறது. ஆல்கோன்குவின் பக்கம் மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை அதன் ராஜ்யம். ஓடுகிற நீரில் வளர்கிற இந்த ஈ குத்தாது, தோலைக் கிழித்து ரத்தம் குடிக்கும். காதுக்குப் பின்னாலும் முடி ஓரத்திலும் வீங்கிவிடும். அடர்நிற உடையைத் தேடி வரும், அதனால் வெளிர்நிற முழுக்கைச் சட்டை, தலைக்கு வலை, 20 சதவீத இகாரிடின் அல்லது 30 சதவீத டீட் கலந்த பூச்சிவிரட்டி மருந்து. முடிந்தால் ஜூலை 20க்குப் பிறகு போங்கள், பூச்சி பாதிக்குமேல் குறைந்துவிடும்.

கேள்வி: கட்டணம் எப்போது குறைவு?
– வாசகர், நாகர்கோவில்

ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரை, பிறகு நவம்பர். உச்சம் ஜூன் நடுமுதல் ஆகஸ்ட், டிசம்பர் நடுமுதல் ஜனவரி முதல் வாரம். செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து இறங்கத் தொடங்கும். விசா கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட் வாங்காதீர்கள். பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள், செப்டம்பருக்குப் போக ஏப்ரல், மேயில்.

கேள்வி: குளிர் குறைவு என்பதால் டிசம்பரில் வான்கூவர் போகலாமா?
– வாசகி, சேலம்

குளிர் குறைவுதான், பகலில் 6, 7 டிகிரி. ஆனால் நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே மழைக்காலம். நம் ஐப்பசி அடைமழை மாதிரிக் கொட்டாது, நாள்முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், மலை மேகத்துக்குள் போய்விடும். வான்கூவருக்கு ஜூலையும் ஆகஸ்டும், அது முடியாவிட்டால் செப்டம்பர் முதல் பாதி.

கேள்வி: அலுவலக வேலையாக மார்ச் மூன்றாம் வாரம் மாண்ட்ரியல் போயே ஆக வேண்டும். பார்க்க ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், தஞ்சாவூர்

ஒரே ஒன்று இருக்கிறது, அது அந்தப் பருவத்தில் மட்டும் கிடைப்பது. இரவில் மைனஸ் 5, பகலில் பிளஸ் 5 என்று வருகிற நாட்களில் மேப்பிள் மரத்தில் சாறு ஓடத் தொடங்கும். பட்டையில் ஒரு துளையிட்டுக் குழாய் செருகி, பழைய முறையில் வாளி கட்டித் தொங்கவிடுவார்கள். சாறு பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், நாக்கில் வைத்தால் இளநீரைவிட மெல்லிய இனிப்பு. 40 லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு வரும். நம் ஊரில் பதநீர் காய்ச்சுகிற கொட்டகை மாதிரியே காட்டுக்குள் கொட்டகை, விறகடுப்பு, கூரைப் பிளவு வழியே ஆவி. மாண்ட்ரியலிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் இத்தகைய சர்க்கரைக் குடில்கள் நிறைய. சனி, ஞாயிறுக்கு முன்பதிவு வேண்டும். சாப்பாட்டில் பன்றி இறைச்சி எல்லாவற்றிலும் இருக்கும், அவரை, பட்டாணி சூப்பில்கூட. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

காய்ச்சிய பாகைச் சுத்தமான பனியின்மேல் கோடாக ஊற்றுவார்கள். நொடியில் இறுகிக் கம்மர்கட்டுப் பதத்துக்கு வரும், குச்சியில் சுருட்டி எடுத்துச் சாப்பிட வேண்டும். இரவு பூஜ்யத்துக்குமேல் ஏறி மொட்டு விரியத் தொடங்கிவிட்டால் சாற்றின் ருசி கெட்டுவிடும், குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் வேலை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், போனதும் வருகிற முதல் சனிக்கிழமையே கிளம்பிவிடுங்கள்.